எலிசபெத் (தெற்கு ஆஸ்திரேலியா)

எலிசபெத், அடிலெய்டு நகர மையத்துக்கு வடக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ள புறநகர். கவுர்னா பழங்குடியினரின் பூர்வீக நிலமான இந்தச் சமவெளியில் குடியேறிகள் கோதுமை பயிரிட்டு வந்தனர். 1955 நவம்பர் 16 அன்று புதிய நகரம் தொடங்கப்பட்டு, அரசி இரண்டாம் எலிசபெத்தின் பெயர் சூட்டப்பட்டது.

நகரை எழுப்பியது மாநில அரசின் வீட்டு வசதி அறக்கட்டளை. 1936இல் அமைந்த இந்நிறுவனத்தை, நெடுங்காலம் மாநில முதல்வராக இருந்த தாமஸ் பிளேஃபோர்டு தொழில் வளர்ச்சிக்கான கருவியாகவே பயன்படுத்தினார். வாடகை குறைந்தால் குறைந்த சம்பளத்திலும் குடும்பம் நடத்தலாம். சம்பளச் செலவு குறைந்தால் ஆலைகள் தேடி வரும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. ஹோல்டன் கார் நிறுவனம் பிலிப் நெடுஞ்சாலையோரம் பெரும் ஆலையை நிறுவியது. அருகிலுள்ள சாலிஸ்பரியின் ஆயுத ஆராய்ச்சி நிலையமும் பலருக்கு வேலை கொடுத்தது.

பத்து பவுண்டு கட்டணத்தில் கப்பலேறி வந்த பிரிட்டிஷ் குடும்பங்களே தொடக்கக் குடிகளில் பெரும்பாலோர். நடுச்சுவர் ஒன்றை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் தனிப் பள்ளி, கடைவீதி, பூங்கா என்று திட்டமிட்டார்கள். சாதாரணத் தொழிலாளிக்காக ஓர் அரசு இவ்வளவு அக்கறையோடு ஊர் அமைத்தது பாராட்டத்தக்கது. ஆனால், ஊரின் பிழைப்பை ஏறக்குறைய ஒரே தொழிலோடு முடிச்சுப் போட்டது பெரும் பலவீனமாயிற்று.

1980களில் தொடங்கி, கார்களுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு படிப்படியாகக் குறைத்தது. 2010இல் அது 5 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. ஆலையில் ஆட்குறைப்பு நடக்க நடக்க, ஊரில் வேலையின்மையும் வறுமையும் கூடின. அறக்கட்டளையின் மலிவு வாடகை வீடுகளுக்கு, வேறு போக்கிடமில்லாத ஏழைக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வெளியூர்ச் செய்தித்தாள்கள் குற்றச் செய்திகளுக்கு மட்டும் எலிசபெத்தின் பெயரை எடுத்தாண்டது ஊராருக்கு இழைத்த அநீதி. கிளாஸ்கோவில் பிறந்து இங்கே வளர்ந்த ராக் பாடகர் ஜிம்மி பார்ன்ஸ், தம் வீட்டின் குடியையும் அடிதடியையும் 2016இல் தன்வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதினார்.

2013 டிசம்பரில் ஹோல்டன் ஆலையை மூடும் அறிவிப்பு வந்தது. 2017 அக்டோபர் 20 அன்று சிவப்பு நிற கொமடோர் ஒன்று கடைசிக் காராக வெளிவந்தது; ஆஸ்திரேலியாவில் வெகுசன கார் உற்பத்தியும் அத்துடன் முடிந்தது. ஆலை வளாகம் இப்போது லயன்ஸ்கேட் என்னும் வணிகப் பூங்கா. 1964இல் தனி நகராட்சியான எலிசபெத், 1997இல் மன்னோ பாராவுடன் இணைக்கப்பட்டு பிளேஃபோர்டு மாநகராட்சிக்குள் அடங்கியது. ஊர் வழியே செல்லும் காலர் ரயில் பாதையில் 2022 முதல் மின்சார ரயில்கள் ஓடுகின்றன.