சுவடிப் பதிப்பு நெறியும் திரைப்பட மீட்டுருவாக்கமும்: தஞ்சைப் பகுதி சார்ந்த படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய திரைப்படங்களை டிஜிட்டல் முறையில் சீர்செய்து திரையரங்குகளிலும் உயர்தெளிவு வட்டுகளிலும் வெளியிடும் முயற்சிகள் 2012 முதல் தமிழகத்தில் பரவலாயின. இவை அனைத்தும் ‘மீட்டுருவாக்கம்’ என்ற ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. எனினும் மூலத்தை மீட்டளிக்கும் பணியும் மூலத்தைக் காலத்திற்கேற்ப மாற்றியமைக்கும் பணியும் வெவ்வேறானவை. காவிரிப் படுகையில் உருப்பெற்ற சுவடிப் பதிப்பு நெறியையும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் பாதுகாக்கப்பட்ட முறையையும் அளவுகோல்களாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பட மீட்டுருவாக்கம், சுவடிப் பதிப்பு, சட்டக விகிதம், ஒலித்தடம், கல்பனா, திருவிளையாடல், தில்லானா மோகனாம்பாள்.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு முதன்மைச் சான்று படச்சுருளே. அச்சான்று பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆர். நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படமான ‘கீசகவதம்’, 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ ஆகியவற்றின் படிகள் இன்று இல்லை. எஞ்சிய படங்களையும் ஆய்வாளர் சுருளில் காண்பதில்லை. வட்டிலோ தொலைக்காட்சியிலோ இணையத்திலோதான் காண்கின்றனர். ஆகவே, கையிலுள்ள வடிவம் மூலத்தோடு எவ்வளவு நெருக்கமானது என்னும் வினா, இலக்கிய ஆய்வில் எப்பதிப்பைக் கையாள்வது என்னும் வினாவுக்கு இணையானது. ஏட்டுச்சுவடிகள் நூலாக்கப்பட்ட காலத்தில் தமிழறிஞர்கள் இவ்வினாவுக்கு விடை கண்டுள்ளனர். அவ்விடை திரைப்படத்திற்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பதிப்பு நெறியும் படச்சுருளும்

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அங்குப் பணியாற்றிய காலத்தில் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றைப் பதிப்பித்தார். பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டுதல், அவற்றை ஒப்புநோக்குதல், பாடவேறுபாடுகளைக் குறித்தல், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டுதல் ஆகியன அவர் வழியே நிலைபெற்ற நெறிகள். பதிப்பாசிரியர் தம் புலமையால் விடுபட்ட அடியை இட்டு நிரப்பக்கூடும். ஆயினும் அவ்வாறு நிரப்புவது பதிப்பாகாது என்னும் தெளிவு இந்நெறியின் அடிப்படையாகும்.

படச்சுருளுக்கும் இத்தகைய பரம்பரை உண்டு. படப்பிடிப்பில் பதிவான கேமரா நெகட்டிவிலிருந்து முதன்மைப் பாசிடிவும், அதிலிருந்து இரட்டை நெகட்டிவும், அதிலிருந்து திரையிடும் படிகளும் எடுக்கப்படுகின்றன. படியெடுக்குந்தோறும் நுண்விவரம் குறைகிறது. ஒளிநிழல் வேறுபாடு மாறுகிறது. ஏடு எழுதுவோரின் பிழை சொல்லில் நேர்வது. படச்சுருளின் பிழை கீறலாகவும் நிறமங்கலாகவும் அறுந்து ஒட்டிய இடத்தில் விடுபட்ட சட்டகங்களாகவும் நேர்வது. நகர அரங்குகளில் ஓடிய படிகளே பின்னர்ச் சிற்றூர்க் கொட்டகைகளுக்குச் சென்றமையால், எஞ்சிய திரையிடு படிகளில் தேய்வு மிகுதி.

பொருள்நிலையிலும் இரண்டும் ஒப்பிடத்தக்கவை. ஏட்டைச் செல்லரிக்கிறது, படச்சுருளை அதன் சொந்த வேதியியலே அழிக்கிறது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதன்பின் வந்த அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசிச் சுருங்குகிறது. ஈஸ்ட்மென்கலர் படிகளில் நீலச்சாயம் முதலில் மங்குவதால் படம் முழுதும் செம்மை படர்கிறது. குளிரூட்டி உலர்த்திய அறையின்றி, தமிழகத் தட்பவெப்பத்தில் இச்சுருள்கள் நெடுங்காலம் நிலைத்திரா.

‘கல்பனா’: பதிப்பு நெறிக்கு அருகிலான ஒரு முயற்சி

பாபநாசத்தில் பிறந்த கே. சுப்பிரமணியம் சென்னையில் நடத்திய படநிலையம் தீவிபத்துக்குப்பின் ஏலத்திற்கு வந்தபோது, திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் அதனை வாங்கி ஜெமினி ஸ்டுடியோவாக்கினார். தஞ்சை மண்ணைச் சேர்ந்த இருவர் கைப்பட்ட அந்நிலையத்தில்தான் நடனக் கலைஞர் உதயசங்கர் தம் ஒரே திரைப்படமான ‘கல்பனா’வை (1948) உருவாக்கினார். இந்திமொழிப் படமாயினும் அதன் ஒளிப்பதிவாளர் கே. ராம்நாத் உள்ளிட்ட தொழில்நுட்பத் திறன் சென்னையைச் சார்ந்தது.

மார்ட்டின் ஸ்கார்செசி 2007இல் நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை இப்படத்தை மீட்டெடுத்தது. 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்த இரட்டை நெகட்டிவை அடிப்படையாகக் கொண்டு, இத்தாலியின் போலோஞா நகர ஆய்வுக்கூடத்தில் இப்பணி நடைபெற்றது. 2012இல் கான் திரைப்பட விழாவில் இது திரையிடப்பட்டது. 2022இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் உலகத் திரைப்படத் தொகுப்பில் புளூரே வட்டாகவும் வெளிவந்தது. இதில் கருதத்தக்கது தூய்மையினும் வெளிப்படைத்தன்மையே. எம்மூலத்திலிருந்து, யாரால், எங்கு மீட்கப்பட்டது என்பது வெளியீட்டோடு அறிவிக்கப்பட்டது. ஜெமினியில் உருவான ஒரு படத்தை இன்று ஆய்வாளர் நம்பி மேற்கோள் காட்ட இயல்வதற்கு இதுவே காரணம்.

மூலச்சுருளின் சிதைவு எவ்வளவு கடுமையாயினும் அதனைக் கைவிடலாகாது என்பதற்குச் சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் சான்றாகும். 1993இல் இலண்டன் ஆய்வுக்கூடமொன்றில் நேர்ந்த தீயில் கருகிய நெகட்டிவுகளை வீசியெறியாது காத்தமையால், அவற்றை நீரேற்றி நெகிழச் செய்து, பயன்படும் பகுதிகளை வருட முடிந்தது. மீட்கப்பட்ட வடிவம் 2015இல் வெளிவந்தது. இயலாத பகுதிகளுக்குப் பிற படிகள் பயன்படுத்தப்பட்டன. இது பல சுவடிகளை ஒப்புநோக்கி ஒரு நூலை நிறுவும் முறையே.

2012க்குப் பிந்தைய தமிழ் வெளியீடுகள்

பி.ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ (1964), 2012 மார்ச் 16இல் டிஜிட்டல் வடிவில் மறுவெளியீடு கண்டு நூறு நாள்களைக் கடந்து ஓடியது. அதே ஆண்டில் ‘திருவிளையாடல்’ (1965), 2013இல் ‘வசந்த மாளிகை’ (1972), 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) ஆகியன தொடர்ந்தன. புதிய தலைமுறை பழம்படங்களைப் பெருந்திரையில் கண்டதும், கிடப்பிலிருந்த நெகட்டிவுகளை உரிமையாளர்கள் தேடத் தொடங்கியதும் இவ்வெளியீடுகளின் நற்பயன்கள். வணிக ஊக்கமின்றி இப்படங்களில் பல தூய்மை செய்யப்பட்டே இரா.

எனினும் இவ்வரிசை வெளியீடுகளின் நோக்கம், இன்றைய அரங்கின் இயல்புக்குப் படத்தைப் பொருத்துவதாக இருந்தது. சட்டகத்தை சினிமாஸ்கோப் அகலத்திற்கு மாற்றுவதும், ஒற்றை ஒலித்தடத்தைப் பலவழி ஒலியாக்குவதும் இதன் பகுதிகளாயின. இவ்விரண்டும் மூலத்தில் நேரும் மாற்றங்களாதலின் தனித்தனியே ஆராயத்தக்கன.

சட்டக விகிதம்

ஏ.பி. நாகராசன் இயக்கிய ‘திருவிளையாடல்’ வழக்கமான 1.37:1 விகிதச் சட்டகத்திற்காக எடுக்கப்பட்டது. 2012இல் சினிமாஸ்கோப்பாக வெளிவந்தது. அகலத்தைக் குறைக்காமல் 1.37:1 சட்டகத்தை 2.35:1 ஆக்கினால், உயரத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடே எஞ்சும். 42 விழுக்காடு மேலும் கீழும் வெட்டுண்ணும். வெட்டாது இழுத்து விரித்தால் உருவங்கள் பருத்துத் தோன்றும். நாடக மேடை மரபிலிருந்து வந்த நாகராசன், நடிகரின் தலைமுதல் அடிவரை காட்டும் முழுச்சட்டகத்தைப் பெரிதும் கையாண்டவர். அவருடைய காட்சியமைப்பை ஆராய்பவர் வெட்டுண்ட வடிவத்தைக் கொண்டு முடிவுக்கு வந்தால், அம்முடிவு மறுவெளியீட்டாளரின் தேர்வைப் பற்றியதாகுமேயன்றி இயக்குநரின் கலையைப் பற்றியதாகாது.

இதே இயக்குநரின் ‘ராஜராஜ சோழன்’ (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகும். தஞ்சைக் கோயிலுக்குள் படமெடுக்க இசைவு கிட்டாமையால் கோயிலின் மாதிரி சென்னையில் அரங்கமாக அமைக்கப்பட்டது. அகலச் சட்டகத்திற்கெனவே அமைந்த அவ்வரங்கத்தைப் பழைய தொலைக்காட்சித் திரையின் 1.33:1 அளவுக்கு வெட்டினால் அகலத்தில் 57 விழுக்காடே மிஞ்சும். ஒருவர் இயக்கிய இரு படங்களுள் ஒன்று அகலமாக்கப்பட்டால் சிதைகிறது. மற்றொன்று குறுக்கப்பட்டால் சிதைகிறது. எது சிறந்த விகிதம் என்பது ஆய்வுக்குரிய வினாவன்று. படைக்கப்பட்ட விகிதம் எது என்பதே வினா.

ஒலித்தடம்

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரின் திரைவடிவமான ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகசுரத்தையும் திருவாரூர் மோகனாம்பாளின் பரதத்தையும் மையமாகக் கொண்டது. கே.வி. மகாதேவன் இசையமைப்பில் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாகசுரம் வாசித்தனர். காவிரிப் படுகையின் இசை வாழ்வைத் திரையில் பதித்த ஆவணம் என்னும் தகுதியும் இப்படத்திற்கு உண்டு.

காவிரிக்கரைக் கொறுக்கையிலிருந்து செய்யப்படும் சீவாளியில் மூச்சுப்படும் ஒலியும், தவிலின் வலந்தலையில் கூடுகள் அணிந்த விரல் படும் கூர்மையும் இவ்விசையின் உயிர்ப்பகுதிகள். அக்காலத்து ஒளிவழி ஒலித்தடத்தின் அலைவெண் வீச்சு குறுகியது. மேல் அலைவெண்களில் இவ்வொலிகளும் சுருளின் இரைச்சலும் கலந்தே இருக்கும. இரைச்சலை முற்றும் நீக்கும் கருவி சீவாளியின் மூச்சையும் சேர்த்தே நீக்கிவிடும். பலவழி ஒலிக்காகப் புதிய ஓசைகளைச் சேர்ப்பது இதனினும் பெரிய மாற்றம். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) 1996இல் மீட்கப்பட்டபோது புதிதாகப் பதிவுசெய்த ஓசைகள் சேர்க்கப்பட்டமை கடுமையான விமர்சனத்திற்குள்ளானது. பின்னர் வந்த புளூரே வட்டில் மூல ஒற்றை ஒலித்தடமும் இடம்பெற்றது. ஒரே வட்டில் இரு ஒலித்தடங்களை அளிக்கும் வசதி, பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் அளிக்கும் மரபுக்கு நிகரானது.

பெரிய கோயில் ஓவியங்கள் தரும் பாடம்

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையின் சுற்றுநடையில் நாயக்கர்கால ஓவியங்களுக்கு அடியில் சோழர்கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பழையதே உயர்ந்ததெனக் கருதி மேலடுக்கை அழித்திருக்கலாம். தொல்லியல் துறையினர் நாயக்கர்கால அடுக்கைப் பெயர்த்தெடுத்துத் தனிப்பலகைகளில் பதித்து, இரண்டையும் காத்தனர்.

திரைப்படத்திலும் இத்தகைய அடுக்குகள் உள்ளன. தணிக்கையில் வெட்டப்பட்ட பகுதி, மறுவெளியீட்டில் சேர்க்கப்பட்ட தலைப்பட்டை, குறுக்கப்பட்ட பாடல் ஆகியன அப்படத்தின் வரவேற்பு வரலாற்றைச் சொல்பவை. மீட்டுருவாக்கத்தில் ஓர் அடுக்கு விலக்கப்படலாம். ஆனால் அது தனியே காக்கப்படவும் குறிக்கப்படவும் வேண்டும். டிஜிட்டல் வடிவம் உருவானபின் சுருள் தேவையில்லை என்னும் எண்ணமும் இவ்வகையில் பிழையானது. சரசுவதி மகால் நூலகம் அச்சேறிய நூல்களின் சுவடிகளையும் காத்துவருகிறது. அச்சில் நேர்ந்த ஐயத்தைத் தீர்க்கச் சுவடியே தேவைப்படுகிறது. 2003இல் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன. அப்படங்களுக்கு இனி எத்தொழில்நுட்பம் வந்தாலும் மேலான வருடலுக்கு இடமில்லை.

திறனும் நெறியும்

இரண்டரை மணிநேரப் படமொன்றில் 2,16,000 சட்டகங்கள் உள்ளன. அவற்றில் தூசியையும் கீறலையும் சட்டகந்தோறும் நீக்கும் பணி மனித உழைப்பை மிகுதியாக வேண்டுவது. வெளிநாட்டுப் படங்களுக்கான இப்பணி சென்னையின் பிரசாத் நிறுவனத்தில் பல ஆண்டுகளாக நடைபெறுகிறது. 2017இல் திரைப்படப் பாரம்பரிய அறக்கட்டளை நடத்திய பாதுகாப்பு, மீட்டுருவாக்கப் பயிலரங்கும் சென்னையில் நிகழ்ந்தது. ஆகவே திறன் இங்குக் குறைவாக இல்லை. மூலத்தைத் தேடி ஒப்புநோக்கவும், செய்தவற்றை எழுதிவைக்கவும் வேண்டிய நெறியே வெளியீட்டு வழக்கமாக இன்னும் நிலைபெறவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், டிஜிட்டல் மறுவெளியீடு ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு என்பதும், பதிப்புக்குரிய குறிப்புகளின்றி வருவது ஆய்வுக்கு முழுமையான சான்றாகாது என்பதும் பெறப்படும். பயன்படுத்திய மூலச்சுருள், அது காக்கப்படும் இடம், வருடலின் நுணுக்க அளவு, சட்டக விகிதம், ஒலித்தடத்தின் இயல்பு, நீக்கியவையும் சேர்த்தவையும் ஆகிய ஆறு குறிப்புகள் வட்டின் உறையிலேயே இடம்பெறத்தக்கன. வணிகத்திற்கென மாற்றிய வடிவம் வெளிவருவதில் தடையில்லை. மாற்றாத வடிவமும் உடன் காக்கப்படுவதே வேண்டுவது.

ஆய்வாளர்க்கும் இதில் கடமையுண்டு. சங்க நூலுக்கு மேற்கோள் காட்டும்போது பதிப்பைச் சுட்டுவோர், திரைப்படத்திற்குப் பெயரும் ஆண்டும் சுட்டுவதோடு அமைகின்றனர். ‘திருவிளையாடல்’ எனக் குறிக்குமிடத்து 1965ஆம் ஆண்டுச் சட்டகமா, 2012ஆம் ஆண்டுச் சட்டகமா என்பதையும் ஓடும் நேரத்தையும் சுட்டும் வழக்கம் ஏற்பட்டால், மூல வடிவத்திற்கான தேவை வெளியீட்டாளருக்கும் புலப்படும்.