வந்தாறுமூலையில் வரலாறும் மெய்யியலும்

"ஆட்ஸா புள்ள? வரலாறும் மெய்யியலும் படிச்சி என்னத்த செய்யிற?"

ஏ/எல் முடிவு வந்த நாளில இருந்து இந்தக் கேள்வி எங்களுக்குப் பின்னாலேயே வருது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மாமி கேட்பா, பக்கத்து வீட்டு அண்ணன் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற அதிபரும் கேட்பார். 2017 இல் வேலையில்லாப் பட்டதாரிகள் மட்டக்களப்பு நகரில் நாட்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்ததை அவர்களும் பார்த்தவர்கள்தானே. கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டால், நாங்கள் படிக்கிற இடத்தின் கதையில் இருந்துதான் தொடங்கவேண்டி வருது.

தூரம் போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஊரிலேயே உயர்கல்வி என்ற யோசனை பழையது. 1901 இல் அமெரிக்காவின் ஜோலியட் என்ற ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டித்தான் அந்த நாட்டின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. எங்கட கதையும் கிட்டத்தட்ட அப்படியே. 1981 ஓகஸ்ட் 1 அன்று, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. முதலில் வந்தவை விஞ்ஞானமும் விவசாயமும். வயலும் வாவியும் உள்ள மாவட்டத்துக்கு அவைதான் உடனே தேவை என்று நினைத்திருப்பார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1988 இல் வணிக முகாமைத்துவ பீடம். 1991 இல் கலாசாரக் கற்கைகள் பீடம், அதாவது இன்றைய கலை கலாசார பீடம். பத்து வருடம் பொறுத்துத்தான் எங்கட ஆட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள்.

1981, 1986, 1988, 1991. இப்படி வரிசையாக எழுதினால் அழகாக இருக்கு. ஆனால் நடுவில் ஒரு வருடம் விடுபட்டுப்போகுது.

1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் தொடங்கினதும், சுற்றியிருந்த ஊர்ச் சனம் ஓடிவந்து ஒதுங்கின இடம் இந்த வளாகம். விரிவுரை மண்டபங்கள் அகதி முகாமாகின. செப்டெம்பர் 5 அன்று இராணுவம் வந்து முகாமில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து, 158 பேரைப் பிரித்து பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. 1994 இல் வடக்கு கிழக்கில் காணாமல்போனவர்கள் பற்றி ஆராய நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழு இதையும் விசாரித்தது. சாட்சிகள் இருந்தார்கள், எண்ணிக்கை இருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் கலைப்பீடம் தொடங்குது. ஒரு இடத்தில் இப்படி ஒன்று நடந்து ஒரு வருடத்துக்குள், அதே வளாகத்தில் வரலாறும் மெய்யியலும் படிப்பிக்க ஒரு பீடம் வருது. இது தற்செயல்தான், யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் எங்களுக்கு இந்தத் தற்செயலைத் தாண்டிப் போக முடியவில்லை. நாங்கள் மரநிழலில் இருந்து கிரேக்கத்தின் சோக்கிரட்டீசைப் படிக்கிறம், பொலன்னறுவையின் வீழ்ச்சியைப் படிக்கிறம். அந்த மரத்துக்குக் கீழ் 1990 இல் யார் படுத்திருந்தார்கள் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள்தான்.

இந்திய மெய்யியலில் அளவை என்ற பகுதி எல்லாருக்கும் அலுப்பு. ஒன்றை நாங்கள் எப்படி அறிகிறம் என்பதற்கான வழிகளை எண்ணிச் சொல்லுகிற பாடம் அது. சிவஞான சித்தியார் பல அளவைகளைச் சொல்லி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அவற்றை அடக்கிவிடும். பாட்ட மீமாம்சகர் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. இன்மையை அறிவதும் தனியான ஒரு அளவை என்பது அவர்களின் கட்சி. நிலத்தில் குடம் இல்லை என்று நாங்கள் அறிவது கண்ணால் கண்டா, ஊகித்தா? இல்லாததைக் கண்ணால் காண முடியாதே. இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. முதல் வருடத்தில் இதைச் சோதனைக்காகப் பாடமாக்கினம். பிறகு ஒரு நாள் கன்டீனில் இருந்து கதைக்கும்போது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "அம்மம்மா முப்பது வருசமா வாசல் லைட்ட நிப்பாட்டாம படுக்கிறா. குடம் இல்லை எண்டு அவவுக்கு எந்த அளவை சொல்லும்?" பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பாடம் எங்களுக்கு விளங்கினது.

மொழியிலும் இதே சண்டை நடக்குது. அரசு உருவாக்கின அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். வீதியில் படத்தோடு நிற்கிற அம்மாமார் சொல்வது காணாமல் ஆக்கப்பட்டோர். 'போன' என்றால் தானாகப் போனது. 'ஆக்கப்பட்ட' என்றால் ஆக்கினவன் ஒருவன் இருக்கவேணும். தன்வினை, பிறவினை என்று ஓ/எல்லில் படிச்சதை இவ்வளவு துல்லியமாகப் பிரயோகிக்கிற ஆட்களை நாங்கள் வேறு எங்கும் காணவில்லை.

வரலாற்றுக்கு வருவம். 1215 இல் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகனைப் பள்ளிக்கூடத்திலேயே எங்களுக்குத் தெரியும். மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்தில் அவன் விகாரைகளை அழித்த கொடியவன். மட்டக்களப்பு மான்மியத்தைத் திறந்தால் அதே ஆள் மாகோன் என்ற பெயரில் வருகிறான். அங்கே அவன் ஒழுங்கு செய்தவன். வன்னிமைகளுக்கும் குடிகளுக்கும் கோயில் கடமைகளுக்கும் முறை வகுத்தவன். இரண்டில் எது உண்மை? எங்கட ஊர்ப் புத்தகம் என்பதற்காக மான்மியத்தின் பக்கம் சாய ஆசை வரும், முதலில் எங்களுக்கும் வந்தது. ஆனால் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த அந்த நூல், பல கைகள் பல காலத்தில் எழுதிச் சேர்த்த ஏடுகளில் இருந்து வந்தது. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை என்று நிறுவுகிற தேவை அதற்கு உண்டு. பிக்குகள் எழுதின நூலுக்கு விகாரையைக் காக்கிற தேவை இருந்தது போலத்தான். யார், யாருக்காக, எதைக் காப்பாற்ற எழுதினார்கள் என்று கேட்கப் பழகினால், எங்கட பக்கத்துப் புத்தகத்தையும் அப்படியே கேட்கவேண்டி வரும். கஷ்டமான பகுதி அதுதான்.

அந்தக் கஷ்டம் பதின்மூன்றாம் நூற்றாண்டோடு நிற்பதில்லை. அதே 1990 இல், வந்தாறுமூலைச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்னர், ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் அதிகமானவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். எங்கட வீடுகளில் செப்டெம்பர் 5 தெரியும், ஓகஸ்ட் 3 'அவங்கட' திகதி. எங்களோடு படிக்கிற முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் இது மறுவளம். தாய்வழிக் குடி முறை இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. கோயிலில் குடிக்கு உரிமை இருப்பதுபோலப் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்கு இடம் இருந்தது. அப்படிப்பட்ட கரையில் துக்கத்துக்கு மட்டும் இரண்டு கலண்டர். யுத்தம் படிப்பையும் பிரித்தது. வந்தாறுமூலைக்கு வந்து படிக்க முடியாமல்போன முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது, அடுத்த வருடம் அது பல்கலைக்கழகமானது. இப்போது இரண்டு வளாகங்களிலும் எல்லாரும் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு ஏன் வந்தது என்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்து கதைத்ததை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

அதனால் போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர் ஒரு வேலை தொடங்கினம். ரெண்டு தமிழ், ரெண்டு முஸ்லிம். அவரவர் வீட்டில் 1990 ஐப் பற்றிக் கேட்டு எழுதுவது, எழுதினதை மற்றவர் வாசிப்பது. சோதனைக்கு இல்லை, புள்ளியும் இல்லை. ஏறாவூரில் ஒரு வாப்பா ரெண்டு மணித்தியாலம் கதைத்தார், றெக்கோட் பண்ண விடவில்லை. படுவான்கரையில் ஒரு பெரியம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, "முதல்ல மற்றப் புள்ளையிட வீட்டில என்ன சொன்னாங்க எண்டு சொல்லுங்க, பிறகு நான் சொல்றன்" என்றா. நாங்கள் கொப்பியைத் திறந்து, காத்தான்குடியில் எழுதினதை வாசிக்கத் தொடங்கினம். அவ இடையில் ஒரு தரமும் குறுக்கிடவில்லை. முடிந்ததும் திகதியை மட்டும் திரும்பவும் சொல்லச்சொல்லிக் கேட்டா.