மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி... முதல் செமஸ்டரில் எதுக்கு எவ்வளவு நேரம்?

"ப்ளஸ் டூ மாதிரி எல்லாம் இல்ல தம்பி, கடைசி ஒரு வாரம் உட்கார்ந்தா போதும்!" இன்ஜினீயரிங் ஹாஸ்டலில் சீனியர் அண்ணன்கள் முதலில் தரும் அட்வைஸ் இது. கெமிஸ்ட்ரிக்கு ஓரளவு சரி. மேத்ஸுக்கும் இதையே நம்பினால் அரியர்தான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, முதல் செமஸ்டரிலேயே 'மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ்', பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைதான் நான்கும் ஒன்றாக வந்து நின்றன. கூடவே லேப், ரெக்கார்டு நோட். பலரும் நான்குக்கும் நேரத்தைச் சமமாகப் பிரித்து டைம்டேபிள் போடுவார்கள். சுவரில் ஒட்ட அழகா இருக்கும், அவ்வளவுதான்.

கெமிஸ்ட்ரியில் தண்ணீர் சுத்திகரிப்பு, நானோ, ஃபேஸ் ரூல், எரிபொருள், பேட்டரி எல்லாம் தனித்தனித் தீவு. நானோவை விட்டாலும் பேட்டரி புரியும். மேத்ஸ் அப்படி இல்லை. இரண்டாவது யூனிட்டில் டிஃபரன்ஷியேஷன் தடுமாறினால், மூன்றாவதில் பார்ஷியல் டெரிவேட்டிவ் நிற்காது. நான்காவதில் இன்டக்ரேஷன் போட வராதவருக்கு ஐந்தாவதின் டபுள், ட்ரிபிள் இன்டக்ரலைத் தொடவே முடியாது.

"ரெண்டு யூனிட்டை சாய்ஸ்ல விட்டுடலாம்" என்பவர்கள் கணக்கைப் பாருங்கள். 16 மார்க் கேள்வி யூனிட்டுக்கு ஒன்று. சாய்ஸ் இருந்தாலும் அதே யூனிட்டுக்குள்தான். இரண்டு மார்க் கேள்விகளும் யூனிட்டுக்கு இரண்டு. ஆக, இரண்டு யூனிட்டை விட்டால் 100-க்கு 40 மார்க் ஹாலுக்குள் நுழையும் முன்பே காலி.

அதனால் மேத்ஸுக்குத் தினமும் முக்கால் மணி நேரம், கிளாஸ் நடந்த அன்றே. யூடியூபில் ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்தால் நமக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும். வீடியோவை நிறுத்திட்டு வெறும் பேப்பரில் போட்டுப் பாருங்க, தெரிந்துவிடும். கெமிஸ்ட்ரியை வார இறுதிக்குத் தள்ளலாம். பைதானை டைப் செய்து ஓடவிட்டுத்தான் படிக்க வேண்டும். ரெக்கார்டை லேப் முடிந்த அன்று மாலையே எழுதிடுங்க. மாடல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி விடிய விடிய ரெக்கார்டு எழுதுவது பெரிய கொடுமை!

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க. 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்று மிரட்டுவது நீங்கள் ஏற்கெனவே படித்த பகுதி வகைக்கெழுதான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு சொற்பட்டியல் போட்டு வைத்தால், கிளாஸில் பாதி பயம் குறையும்.

பாதி செமஸ்டர் போயாச்சு, ஒண்ணும் புரியலையா? மேட்ரிக்ஸில் ஆரம்பிங்க. ஐகன் வேல்யூ, கேலி-ஹாமில்டன் தேற்றத்துக்கு கால்குலஸ் தேவையே இல்லை. அதன்பிறகு இரண்டாவது யூனிட்டுக்கு வாங்க. சந்தேகம் கேட்கப் போகும்போது "சார், ஒண்ணுமே புரியல" என்று நிற்காமல், போட்ட வரை நோட்டைக் காட்டி "சார், இந்த ஸ்டெப்புக்கு அப்புறம் வரல" என்று கேளுங்கள். அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.