சோயாவும் பெண்ணுடலும்: ஒரு விஞ்ஞானச் சான்றின் வரலாறு

விஞ்ஞானச் சான்றுகள் சமூகத்துக்குப் புறம்பே தோன்றுவனவல்ல. எவருடைய தேவையினின்று எழுந்த வினாவுக்கு அவை விடையாயின என்பதை நோக்குதல் இன்றியமையாதது. சோயா அவரையிலுள்ள ஐசோபிளேவோன்கள் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா என்னும் விவாதத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

இச்சேர்வைகளுள் முக்கியமான ஜெனிஸ்ரீன் முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது சோயாவிலிருந்தன்று. 1899இல், சாயத்துக்குப் பயன்பட்ட செடியொன்றிலிருந்தாகும். பிரித்தெடுத்த இருவருள் ஒருவரான ஆதர் ஜோர்ஜ் பேர்க்கின், செயற்கைச் சாயக் கைத்தொழிலுக்கு வித்திட்ட வில்லியம் பேர்க்கினின் மைந்தர். அடுத்த வினாவை எழுப்பியது செம்மறியாட்டுப் பண்ணை. மேற்கு அவுஸ்திரேலியாவில் குளோவர் மேய்ந்த ஆடுகள் மலடாவதை 1946இல் ஆய்வாளர் அறிவித்தனர். சோயாவிலுள்ளவற்றோடு ஒரே இனத்தைச் சேர்ந்த ஐசோபிளேவோன்கள், பெண்மை ஓமோனாகிய ஈஸ்திரோஜனைப் போன்று செயற்பட்டமையே இதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

யப்பானியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் குறைவாகவிருந்தமை பின்னர் கவனத்தை ஈர்த்தது. ஆயின் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறியோரின் வழித்தோன்றல்களிடையே அந்நோய் பெருகியது. பிறப்பன்றி வாழ்நிலையே இதில் முதன்மை பெறுகின்றது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், உழைப்பு, மகப்பேறு, உணவு என்பனவெல்லாம் சேர்ந்த அவ்வாழ்நிலையிலிருந்து சோயா மட்டும் பிரித்தெடுக்கப்பட்டது. 2002இல், ஈஸ்திரோஜனும் புரோஜெஸ்ரினும் சேர்ந்த ஓமோன் சிகிச்சை பற்றிய அமெரிக்கப் பரிசோதனை, மார்பகப் புற்றுநோய் அபாயம் மிகுந்தமையால் இடைநிறுத்தப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப, ஐசோபிளேவோன் மாத்திரைகள் 'இயற்கை' என்ற பெயரிற் சந்தைப்படுத்தப்பட்டன. உணவு பண்டமாயிற்று.

மறுபுறம் அச்சமும் வளர்ந்தது. சூலகம் அகற்றப்பட்ட எலிகளிற் பதிக்கப்பட்ட மனிதப் புற்றுக்கலங்களை ஜெனிஸ்ரீன் வளர்த்தது என 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயுற்ற பெண்கள் சோயாவைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். எலியின் உடல் ஜெனிஸ்ரீனைக் கையாளும் முறை மனிதரினின்றும் வேறுபட்டது என்பது பின்னரே வலியுறுத்தப்பட்டது.

நோயிலிருந்து மீண்ட பெண்களின் வினாவுக்கு நேரடியாக முகங்கொடுத்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, 2009இல் வெளியான ஷங்காய் ஆய்வாகும். நோயுற்றுச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்கள் அதிற் பின்தொடரப்பட்டனர். சோயா உணவை மிகுதியாக உண்டோரிடையே மரணமும் நோயின் மீள்வரவும் குறைவாகவே காணப்பட்டன. இது அவதானிப்பு ஆய்வே. சோயா நோயைத் தடுத்தது என்று இதனைக் கொண்டு நிறுவமுடியாது. ஆயினும், வழமையான உணவு பற்றிய அச்சத்துக்கு இது தக்க மறுப்பாகும். 2012இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், மீண்டோர் சோயா உணவை மிதமாக உண்பதில் தீங்கு காணவில்லை. செறிவூட்டிய மாத்திரைகளுக்கு இம்முடிபை நீட்டுதல் தகாது.

சாயத்தொழிலும் கம்பளிப் பொருளாதாரமும் தம் வினாக்களை முன்னரே எழுப்பிவிட்டன. 'நான் இதை உண்ணலாமா?' என்ற நோயுற்ற பெண்ணின் வினா ஒரு நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. ஆய்வுக்குரிய வினாவைத் தெரிவு செய்யும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதும் மருத்துவ வரலாற்றின் பாற்பட்டதே.