தொரப்பள்ளிக்காரரிடம் எதை எடுக்கலாம், எதை விடலாம்?

நம்மள மாதிரி பதிவு எழுதுறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எழுத எதுவும் சிக்காத அன்னிக்கு ஒரு பெரிய மனுஷரோட வாழ்க்கையைக் கையில எடுத்துக்கிட்டு "இவரிடம் நாம் கற்க வேண்டிய பத்து பாடங்கள்"னு போட்டுத் தாளிச்சிடுவோம். கலாம் பேப்பர் போட்டார், லிங்கன் தேர்தல்ல தோத்தார், எடிசனுக்கு பல்பு எரியவே இல்ல. படிச்சு முடிச்சதும் ஜிவ்வுனு இருக்கும். ஒரு டீ குடிச்சா சரியாயிடும் :-)

இன்னிக்கு நானும் அந்த வேலையைத்தான் பார்க்கப் போறேன். ஆனா நான் எடுத்திருக்கற ஆள் கொஞ்சம் வில்லங்கமானவர். பத்து பாடம் போட்டா அதுல நாலு பாடத்துக்கு எனக்கே சண்டை வரும்.

எங்க சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்தோட ஒரு கோடி. இன்னொரு கோடியில, ஓசூர் பக்கத்துல, தென்பெண்ணை ஓரமா இருக்கற ஊர் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்னிக்கு சக்ரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது அங்கதான். அப்பா ஊர் முன்சீப். பையன் ஓசூர் பள்ளிக்கூடத்துல படிச்சு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போய், சென்னையில சட்டம் முடிச்சு, 1900-ல சேலத்துல வக்கீல் போர்டு மாட்டினார். அவர் பிறந்த வீடு இன்னிக்கு அரசு நினைவில்லம். அவர் சேலத்துல இருந்த காலத்துல சென்னைக்கு ரயில் ஏறியிருந்தா எங்க ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்கணும். ஜோலார்பேட்டை - சேலம் பாதையில்தானே நாங்க இருக்கோம்!

இருந்தாலும் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில "என்னைக் கவர்ந்த தலைவர்"னு தலைப்பு வந்தா, நான் கேட்ட வரைக்கும், எங்க பக்கத்துப் பிள்ளைங்க இவரை எடுக்கறதில்ல. காமராசர், பெரியார், அண்ணா, கலாம்... இவர் வர்றதே இல்ல. சொந்த மாவட்டத்துக்காரர், சுதந்திர இந்தியாவுல கவர்னர் ஜெனரலா இருந்த ஒரே இந்தியர், 1954-ல பாரத ரத்னா. அப்படியும் எடுக்க மாட்டாங்க. காரணம் இல்லாம இல்ல. அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல எடுக்கக்கூடியதைப் பார்ப்போம்.

சின்ன நாற்காலி

தலைவர்கள் கதையை நாம எப்பவும் உச்சியிலிருந்து படிப்போம். இவர் கதையில எனக்குப் பிடிச்சது கீழ்ப்படி. 1917-லேர்ந்து 1919 வரைக்கும் சேலம் நகராட்சித் தலைவர். குழாய், சாக்கடை, தெருவிளக்கு. கிட்டத்தட்ட அதே சமயத்துல ஈரோடு நகராட்சியில தலைவரா இருந்தவர் ஈ.வெ.ராமசாமி. பின்னாடி தமிழ்நாட்டையே ரெண்டா பிரிச்சு வச்சுச் சண்டை போட்ட ரெண்டு பேரும் அப்போ பக்கத்துப் பக்கத்து ஊர்ல தண்ணிக் குழாயைக் கவனிச்சுக்கிட்டிருந்தாங்க!

இதுக்குச் சற்று முன்னால, 1916-ல, இவர் முன்னின்று தமிழில் அறிவியல் கலைச்சொல் உண்டாக்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. வேதியியல், இயற்பியல், தாவரவியல், கணிதம்னு ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ச் சொல். பிற்காலத்துல "திண்ணை ரசாயனம்"னு பேர் வச்சு பாமரனுக்கு வேதியியல் புத்தகமே எழுதினார். "பிளாக்"குக்கு வலைப்பூவா வலைப்பதிவான்னு மாசக்கணக்குல மல்லுக்கட்டினோமே மக்களே, அந்த ஜாதிக்கு இவர் ஒரு வகையில முப்பாட்டன். நாற்பது வயசு ஆகறதுக்குள்ள மனைவி இறந்துட்டாங்க. அஞ்சு குழந்தைகளை வளர்த்துக்கிட்டேதான் இதையெல்லாம் செஞ்சிருக்கார். 1925-ல நல்லா சம்பாதிச்ச வக்கீல், திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் போட்டு, கதரையும் மதுவிலக்கையும் கையில எடுத்துக்கிட்டுக் கிராமத்துல உட்கார்ந்தார்.

கொள்கைக்கு ஒரு கணக்கு

1937-ல சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை ஆரம்பிச்சார். மொத்த மாகாணத்துலயும் ஒரேயடியா இல்ல, முதல்ல சேலம் மாவட்டத்துல மட்டும். அன்னைய சேலம் மாவட்டம்னா ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, எங்க ஊத்தங்கரைப் பக்கம் எல்லாம் சேர்த்துத்தான். தர்மபுரி பிரிஞ்சது 1965-ல, கிருஷ்ணகிரி 2004-ல. ஆக, முதல்ல கள்ளுக்கடை மூடின ஊர்கள்ல எங்க ஊர்களும் அடக்கம். அடுத்தடுத்த வருஷங்கள்ல சித்தூர், கடப்பை, வட ஆற்காடுன்னு விரிஞ்சது.

இதுல என்னைக் கவர்ந்தது கடை மூடினது இல்ல. சாராய வருமானம் போனா அரசு நடத்தப் பணம்? அந்தக் கேள்வியை அவர் தள்ளிப் போடல. 1939-ல பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டு வந்தார். இந்தியாவுல அந்த மாதிரி வரி அதுதான் முதல். வியாபாரிகள் குதிச்சாங்க. அவர் அசரல. ஒரு கொள்கை பேசினா அதோட பில்லையும் கையோட நீட்டணும்ங்கறது அவர் பாணி. நம்மள்ல எத்தனை பேர் லட்சியம் பேசும்போது பில்லைப் பத்தி யோசிக்கிறோம்?

பின்கதை சோகம். 1971-ல அரசு மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவு பண்ணினப்போ, 92 வயசுல, முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். நடக்கல. 1983-ல டாஸ்மாக் வந்தது, 2003-லேர்ந்து கடையும் அரசே நடத்துது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் மதுவை அதுல சேர்க்கல, மாநிலம் தனியா விற்பனை வரி போடுது. சாராயக் காசுக்கு மாற்றா ஒரு மனுஷர் கண்டுபிடிச்ச வரி, இன்னிக்குச் சாராயத்து மேலேயே உட்கார்ந்துக்கிட்டிருக்கு!

தனியா நிக்கறது

1921 டிசம்பர்லேர்ந்து 1922 மார்ச் வரைக்கும் வேலூர் ஜெயில்ல இருந்தப்போ ஒரு டைரி எழுதினார். சுதந்திரத்துக்காக உள்ளே போன ஆள் அதுல என்ன எழுதறார்? சுயராஜ்யம் வந்த உடனே நல்ல ஆட்சி வந்துடாது. தேர்தல் ஊழல், அநியாயம், பணக்காரன் கொடுமை, நிர்வாகத் திறமையின்மை எல்லாம் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும். சின்ன வயசுலேர்ந்தே நல்லொழுக்கம் சொல்லித் தர்ற கல்வி ஒண்ணுதான் நம்பிக்கை. இதான் சாரம். சுதந்திரத்துக்கு 25 வருஷம் முன்னால! கூட இருந்தவங்க கோஷம் போட்டுக்கிட்டிருந்த நேரத்துல இதை எழுத ஒரு மனசு வேணும்.

1930-ல திருச்சியிலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் சுமார் 100 பேரோட நடந்து உப்பெடுத்துக் கைதானவர், 1942-ல வெள்ளையனே வெளியேறுக்கு உடன்படல. முஸ்லிம் லீக்கோட ஒரு உடன்பாட்டுக்கு வந்தே ஆகணும்னு சொன்னார். காங்கிரஸை விட்டார், சட்டமன்றப் பதவியை விட்டார். இத்தனைக்கும் இவர் மகள் லட்சுமிதான் காந்தி வீட்டு மருமகள்.

1959-ல, 80 வயசுல, நேருவோட பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962-ல, 83 வயசுல, முதல் தடவையா மேற்கு நாடுகளுக்குப் பயணம். எதுக்கு? அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கன்னு கென்னடிகிட்ட நேர்ல சொல்றதுக்கு. நமக்கெல்லாம் நாற்பது தாண்டினாலே "இனிமே என்னத்த"னு ஒரு அலுப்பு வருதே, அப்போ நான் இந்த 83-ஐ நினைச்சுக்குவேன்.

எடுக்க முடியாதது

இப்போ வில்லங்கத்துக்கு வருவோம்.

தமிழில் கலைச்சொல் வேணும்னு சங்கம் வச்ச அதே ஆள், 1938-ல 125 உயர்நிலைப் பள்ளிகள்ல இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்து மறியல் பண்ணின ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க ஜெயிலுக்குப் போனாங்க, பெரியார் உட்பட. நடராசனும் தாளமுத்துவும் 1939-ல சிறைக்காவல்ல உயிர் விட்டாங்க. அவர் அரசு விலகின பிறகு, 1940-ல தான் அந்த உத்தரவு போச்சு. பின்னாடி, அறுபதுகள்ல, இந்தியை ஆட்சிமொழி ஆக்கறதை அவரே கடுமையா எதிர்த்தார். ஆனா போன ரெண்டு உயிர் போனதுதான்.

அடுத்தது 1953. ஜெயில் டைரியில கல்விதான் ஒரே நம்பிக்கைன்னு எழுதின கை, கிராமத்து ஆரம்பப் பள்ளிகள்ல ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரப் படிப்பை மூணு மணி நேரமாக்குச்சு. மீதி நேரத்துல பிள்ளைங்க வீட்டுத் தொழிலைக் கத்துக்கணும். ரெண்டு ஷிப்ட் வச்சா அதே வாத்தியாரை வச்சு நிறையப் பிள்ளைங்களைப் படிக்க வைக்கலாம்ங்கறது அவர் கணக்கு. கணக்கு சரியாத்தான் இருந்தது. ஆனா எந்த வீட்ல என்ன தொழில்னு இந்த ஊர்ல தீர்மானிச்சது சாதி. வக்கீல் வீட்டுப் பையனுக்கு "வீட்டுத் தொழில்"னா ஒண்ணு, வெட்டியான் வீட்டுப் பையனுக்கு இன்னொண்ணு. அதனாலதான் அதுக்குக் குலக்கல்வின்னு பேர் வந்து ஒட்டிக்கிச்சு, எவ்வளவு விளக்கியும் உதிரல. 1954-ல பதவி போச்சு. வந்த காமராசர் முதல் வேலையா அதைக் கைவிட்டார்.

இது எனக்கு வெறும் பழங்கதை இல்ல. இன்னிக்கு ஓசூர் சிப்காட்ல கம்பெனி பஸ்லேர்ந்து இறங்கற பசங்க, பொண்ணுங்களைப் பாருங்க. லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன்னு போற அந்தக் கூட்டத்துல அப்பன் தொழிலை விட்டு வந்தவங்க எத்தனை பேர்! ஆடு மேய்ச்ச, கல் உடைச்ச, பறை அடிச்ச வீட்டுப் பிள்ளைங்க முழு நாள் பள்ளிக்கூடத்துல உட்கார்ந்ததாலதான் ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ வாங்கி அங்க நிக்கறாங்க. அதுவும் எங்க? தொரப்பள்ளிக்குப் பக்கத்துல. அவரோட மிகப் பெரிய தப்புக்குப் பதில் அவர் பிறந்த மண்ணிலேயே தினமும் ஷிப்டுக்குப் போய் வருது.

அப்போ எங்க பிள்ளைங்க பேச்சுப்போட்டியில இவரை எடுக்காதது நியாயம்தான். படிப்பைப் பாதியாக்கின ஆளை முதல் தலைமுறைப் பிள்ளை எதுக்குக் கொண்டாடணும்? "மூதறிஞர்"னு ஒரு பக்கம், "குல்லுகபட்டர்"னு ஒரு பக்கம். ரெண்டையும் கேட்டு வளர்ந்தவங்க நாம.

பெரியார் காட்டின வழி

இந்தச் சிக்கலுக்கு விடை தேடினப்போ எனக்குக் கிடைச்சது இன்னொரு பெரிய மனுஷரோட வாழ்க்கையிலதான். ராஜாஜியை ஆயுசு பூரா எதிர்த்தவர் பெரியார். இவர் அரசாங்கத்தால ஜெயிலுக்குப் போனவர். குலக்கல்வியை விரட்டினதுல முன்னால நின்னவர். அவரே 1949-ல, தன் சொந்த வாழ்க்கையோட பெரிய முடிவுக்கு முன்னால, திருவண்ணாமலையில ராஜாஜியைத்தான் போய்ப் பார்த்தார். 1972 டிசம்பர் 25-ல ராஜாஜி 94 வயசுல மறைஞ்சப்போ, 93 வயசுப் பெரியார் சக்கர நாற்காலியில சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். அதுக்காக எதிர்த்த எதையும் அவர் வாபஸ் வாங்கல.

இதுதாங்க எனக்குப் பிடிபட்ட சூத்திரம். மதிக்கறதுக்கும் ஒத்துக்கறதுக்கும் நடுவுல இடம் இருக்கு. ஒருத்தரை முழுசா படமாக்கி மாலை போட்டா அவர்கிட்டேர்ந்து நாம எதையும் எடுக்க முடியாது, கும்பிடத்தான் முடியும். முழுசா தூக்கிப் போட்டாலும் அதே கதிதான். இதுல எங்க பிள்ளைங்களுக்கு ஒரு லாபமும் இருக்கு. தப்பே செய்யாத தலைவர் கதையைப் படிச்சா "நம்மால ஆகாது"னு தோணும். இவ்வளவு புத்திசாலி இவ்வளவு பெரிய தப்பு செஞ்சார்னு படிச்சா, எதிர்ல நிக்கற ஆளோட நிலைமை தெரியாம போடற கணக்கு எவ்வளவு சரியா இருந்தாலும் தப்பாப் போகும்னு புரியும். பத்து பாடத்துக்கு இது ஒண்ணே போதும்.

நான் எடுத்துக்கிட்டது மூணே மூணு: சின்ன வேலையைச் சின்னதுன்னு நினைக்காம செய்யறது, லட்சியம் பேசினா கூடவே பில்லையும் எழுதறது, 83-லயும் பெட்டியைக் கட்டறது. இந்தி உத்தரவையும் மூணு மணி நேரப் பள்ளிக்கூடத்தையும் தொரப்பள்ளியிலேயே விட்டுட்டேன்.

உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு வில்லங்கமான பெரிய மனுஷர் இருப்பார். எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன்.

டிஸ்கி: இது ராஜாஜிக்கு ஜால்ராவும் இல்ல, உள்குத்தும் இல்ல. ரெண்டு பக்கத்துக்காரங்களும் கல்லைக் கீழே போடுங்கப்பா :-)