ஏடு மாறினும் எழுத்து வாழும்

பழங்கிரேக்க நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே வழங்குகிறது என்றறிய, முற்காலத்து அறிஞர் பக்கம் பக்கமாகப் புரட்டி ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். அவ்வுழைப்பைச் சுருக்கக் கருதி, 1972ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 'கிரேக்க மொழிக் கருவூலம்' தொடங்கப்பெற்றது. ஹோமர் முதலானோர் நூல்களைக் கணினியிற் பதிந்தனர். 1985இல் அவை குறுவட்டாக வெளிவந்தன. ஆண்டுக்கணக்கான தேடல் நிமிடக்கணக்காயிற்று.

ஆயினும் குறுவட்டின் காலம் நீடிக்கவில்லை. 2001இல் அக்கருவூலம் இணையத்திற்கு இடம்பெயர்ந்தது. இதில் வியப்பென்ன? நாணற்சுருளினின்று தோலேட்டிற்கும், தோலேட்டினின்று அச்சிற்கும் பெயர்த்தெழுதப்பட்டமையாலன்றோ அந்நூல்களுட் பெரும்பாலானவை பிழைத்தன! பெயர்த்தெழுதுவாரற்ற நூல்கள் பல அழிந்தொழிந்தன. குறுவட்டும் அவ்வழியில் ஒரு படியே. ஏட்டைப் பூட்டி வைத்தல் காப்பாகாது. காலந்தோறும் பெயர்த்தெழுதுதலே நூலைக் காக்கும்.