பிடிரேஸ்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், ஒரு புராசஸை இன்னொரு புராசஸ் நிறுத்தி அதன் நினைவகத்தையும் ரெஜிஸ்டர்களையும் பார்க்கவும் மாற்றவும் வழிசெய்யும் சிஸ்டம் கால். பெல் ஆய்வகத்திலிருந்து 1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் அறிமுகமானது. நிரலில் பிழை தேட உதவும் டிபக்கருக்குச் சேதி சொல்லத் தனி வழி எதையும் கட்டாமல், புராசஸுக்கு நிகழ்வுகளை அறிவிக்க ஏற்கெனவே இருந்த சிக்னலையே அந்த வேலைக்கும் அமர்த்தினார்கள். சிக்கனமான ஏற்பாடுதான், பின்னால் வந்த தலைவலிகள் பலவும் அங்கிருந்தே முளைத்தன.

ஆறாம் பதிப்பின் கெர்னலில் இதற்குச் செலவானது சில வரிகளே. நிலுவையில் சிக்னல் உண்டா என்று பார்க்கும் ‘இஸ்சிக்’ என்ற ஃபங்ஷன், புராசஸ் கண்காணிப்பில் இருந்தால் சிக்னலைக் கொடுப்பதற்கு முன்பே அதை நிறுத்திவிடும். ‘வெயிட்’டில் காத்திருக்கும் தாய் புராசஸ், அதாவது டிபக்கர், விழித்துக்கொள்ளும். அதற்குக் கிடைக்கும் எண்ணின் கீழ் பைட்டில், எண்ம முறையில், 0177 இருந்தால் சேய் நின்றிருக்கிறது என்று பொருள். மேல் பைட்டில் சிக்னலின் எண் இருக்கும். அதன்பின் தாய் வைத்ததே சட்டம். வந்த சிக்னலையே விடலாம், வேறொன்றைத் திணிக்கலாம், 0 கொடுத்து விழுங்கியும்விடலாம். விழுங்கினால், சிக்னல் வந்ததே சேய்க்குத் தெரியாது. அன்று நிலுவைக்கு ஓர் எண்ணுக்கு மட்டுமே இடம். அடுத்தது வந்தால் முந்தையது போயிற்று. 1979-இன் ஏழாம் பதிப்பில்தான் ஒவ்வொரு சிக்னலுக்கும் தனியாக ஒரு பிட் கிடைத்தது.

பிரேக்பாயின்ட் வேலை செய்வதும் இந்த வழியில்தான். எக்ஸ்86 செயலியில் டிபக்கர், நிறுத்த வேண்டிய இடத்தில் ‘இன்ட் 3’ என்ற ஒரு பைட் கட்டளையை எழுதிவைக்கும். செயலி அதில் இடறியதும் கெர்னல் அதை 5-ஆம் எண்ணுள்ள சிக்டிராப் சிக்னலாக்கும். டிபக்கர் அதை விழுங்கி, பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஓட்டத்தை ஒரு பைட் பின்னுக்கு இழுத்துத் தொடரும். லினக்ஸில் இந்த இடைமறிப்புக்கு, புராசஸைக் கொல்லும் சிக்கில் சிக்னல் மட்டும் அகப்படாது.

வேறு பாதைகளும் உண்டு. டாம் கில்லியன் 1984-இல் விவரித்த ‘பிராக்’ கோப்பு முறை, புராசஸைக் கோப்பாகக் காட்டியது. அது சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீட்டுக்கு வந்தபோது, எந்தெந்த சிக்னலுக்கு நிறுத்த வேண்டும் என்று டிபக்கர் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. மேக் கணினிகளின் கெர்னலில் செயலிப் பிழைகள் சிக்னலாக மாறுமுன்பே ‘மாக் போர்ட்’ என்ற செய்தித் தடம் வழியாக டிபக்கருக்குப் போகின்றன.

லினக்ஸ் பிடிரேஸையே பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸைப் பற்றும் ‘அட்டாச்’, அதை நிறுத்த ஒரு சிக்ஸ்டாப் சிக்னலை அனுப்பும். அதே நேரத்தில் வேறு யாராவது சிக்ஸ்டாப் அனுப்பினால் எது யாருடையது? டிபக்கரால் பிரித்தறிய இயலாது; தவறானதை விழுங்கினால் நிற்க வேண்டிய நிரல் ஓடும். 2011-இல் டெஜுன் ஹியோ இப்பகுதியைப் பெரிதும் திருத்தி எழுதினார். அதன் பயனாக 2012-இல் வந்த 3.4 பதிப்பில், சிக்னலே அனுப்பாமல் பற்றும் ‘சீஸ்’, நிறுத்தும் ‘இன்டரப்ட்’, நின்ற புராசஸை நின்றபடியே கவனிக்கும் ‘லிசன்’ ஆகியவை கிடைத்தன. பழைய ‘அட்டாச்’ நீக்கப்படவில்லை.